கடைசி வரிசைச் செல்லோக்கள்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பள்ளிப் பிள்ளைகளின் தந்தி இசைக்குழு ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி அளிக்கிறேன். சிலர் வில் பிடிக்கக் கற்று ஓராண்டுதான் ஆகிறது. அவர்களுக்காக இந்த மண்ணின் நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவிச் சிறு உருப்படிகள் எழுதுவதும் என் வேலை.

புதிதாகக் கற்பவர்களுக்கு இம்மெட்டுகள் தோதானவை. பலவும் 'டி' அல்லது 'ஏ' சுரத்தை ஆதாரமாகக் கொண்டவை. வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய, கீழ்க்குரல் வாத்தியமான செல்லோ மூன்றிலும் அவை விரல் வைக்காத வெறுந்தந்தியிலேயே பேசும். காற்றுப்பை வைத்து ஊதும் பேக்பைப்பின் விடாத சுருதிபோல அந்தத் தந்தியை இழுத்துக்கொண்டிருந்தால் மெட்டு அதன்மேல் நின்றுவிடும்.

அந்த வசதியில்தான் நான் தவறினேன். முதல் உருப்படியில் மெட்டு முழுவதையும் வயலின்களுக்குக் கொடுத்துவிட்டு, செல்லோக்களுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை நீண்ட சுரங்களையே எழுதினேன். மூன்றாம் வாரம் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி சன்னலைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்திலும் பிசகவில்லை. பிசகுவதற்கு அங்கே நான் எதையும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டே ஆற்றங்கரையில், டன்கெல்டுக்கு அருகே, இன்வர் என்ற சிற்றூர் இருக்கிறது. புகழ்பெற்ற ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர் நீல் கௌ (1727–1807) வாழ்ந்த ஊர். நடனங்களுக்கு அவரோடு வாசித்தவர் உடன்பிறந்த டொனால்ட். அவர் கையில் இருந்தது செல்லோ. கூடம் நிறைய ஆடுபவர்களின் காலடிச் சத்தத்துக்கு நடுவே தாளத்தைத் தாங்கியது அந்தச் செல்லோவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு உருப்படியைத் திருத்தி எழுதினேன். நீண்ட சுரங்கள் போய், ஆடுபவரின் பாதம் தரையைத் தொடும் இடங்களில் குறுகிய, அழுத்தமான வில்வீச்சுகள் வந்தன.

அடுத்தது ஸ்ட்ராத்ஸ்பே, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய நடன வகை. தாளம் விழும் இடத்தில் குறுஞ்சுரம் வெடுக்கென்று தெறிக்கும். நெடுஞ்சுரம் அதைத் தொடரும். நம் எழுத்துக் கணக்கில் குறிலை அடுத்த நெடில்: நிலா, புறா, கனா. ஆனால் அழுத்தம் குறிலில். தாளைப் பார்த்து வாசித்தால் பிள்ளைகள் அதைக் குழைத்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக் பேசும் மக்களிடம், வாத்தியம் இல்லாதபோது மெட்டை வாயாலேயே பாடி ஆடும் மரபு உண்டு. ஆகவே வில்லைக் கீழே வைக்கச் சொன்னேன். பாடினோம், தரையைத் தட்டினோம், பிறகு வில்லை எடுத்தோம். அன்று அந்தத் தெறிப்பு முதலில் வந்தது செல்லோ வரிசையிலிருந்து.

இப்போது மெல்லிசை ஒன்றில் செல்லோக்களுக்கு மெட்டு, வயலின்களுக்கு நீண்ட சுரம். முதல் வரிசை முகங்கள் வாடின. வெறுந்தந்தியில் வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றி, ஒரே சுரத்தை மெல்ல வளர்த்துத் தேய்ப்பது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கே இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன.