உலோக அயனி சோதனை: குவெட்டை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சினமைல் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக கேட் (CAD). செடியின் செல்சுவருக்கு உறுதி தரும் லிக்னினுக்குத் தேவையான ஆல்கஹால்களை உருவாக்கும் கடைசிப் படி இந்த நொதியுடையது. கோனிஃபெரால்டிஹைடை, எலக்ட்ரான் தரும் துணைநொதியான என்ஏடிபிஹெச் துணையோடு கோனிஃபெரைல் ஆல்கஹாலாக மாற்றும். என்ஏடிபிஹெச் செலவாகச் செலவாக 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் இறங்கும்; அந்த வேகத்தை வைத்து நொதியின் வேகத்தைக் கணக்கிடுவோம். அந்த அலைநீளத்தில் ஆல்டிஹைடும் உறிஞ்சும் என்பதால், என்ஏடிபிஹெச்சின் மோலார் உறிஞ்சல் குணகமான 6220-ஐ மட்டும் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

உலோக அயனிகள் இந்த வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. 1 மில்லிமோலார் துத்தநாக சல்பேட் சேர்த்ததும் வேகம் சரிந்தது. 'துத்தநாகம் தடுக்கிறது' என்று நோட்டில் எழுதியே விட்டேன். மறுநாள் அதே சோதனையைத் திரும்பச் செய்து, குவெட்டை (கரைசலை ஊற்றி ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு கலம்) ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே பால் கலந்தது போல் மெல்லிய வெண்கலங்கல். நான் பயன்படுத்தியது பாஸ்பேட் பஃபர் (பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசல்). துத்தநாகம் அதில் வீழ்படிவாகிவிட்டது. கலங்கல் கூடக்கூட ஒளி சிதறி உறிஞ்சல் ஏறும், அதனால் உண்மையான இறக்கம் மறைந்துபோகும். ஒரு வாரத் தரவு வீணானது, வருத்தம்தான். அப்புறம் ஹெப்பீஸ் பஃபருக்கு மாறினேன். டிரிஸும் பலர் பயன்படுத்துவதுதான், ஆனால் அது செம்பைப் பிடித்துக்கொள்ளும். நொதியைச் சேமிக்கும் கரைசலில் டிடிடி (டைதயோதிரைட்டால்) இருந்தால் அதுவும் செம்பையும் பாதரசத்தையும் கட்டிப்போடும். அதை முதலில் டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி) நீக்குங்கள்.

ஒவ்வொரு உலோக உப்புக்கும் நொதி சேர்க்காத ஒரு குவெட் கட்டாயம் வையுங்கள். உப்பு சேர்த்த பின் பிஹெச்சையும் அளந்துவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னைக் கேட்டது: "கேட்டில் துத்தநாகம் இருக்கிறதே, வெளியிலிருந்து சேர்த்தால் ஏன் வேகம் கூடவில்லை?" இது நல்ல கேள்வி. நொதியின் ஒவ்வொரு துணை அலகிலும் இரண்டு துத்தநாக அயனிகள் உண்டு. ஒன்று வினை நடக்கும் இடத்தில். மற்றொன்றை நான்கு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் பிடித்திருக்க, அது புரதத்தின் வடிவத்தைக் காக்கிறது. இரண்டு இடமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கூடுதல் துத்தநாகத்துக்கு அங்கே வேலை இல்லை. பாதரசம் சிஸ்டீன்களைத் தாக்குவதால் வேகம் விழுவதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது.

இதைக் கேட்டவர்கள் அடுத்து லிக்னின் உருவாகும் பாதையின் மற்ற நொதிகளுக்குப் போவார்கள். ஃபீனைல்அலனின் அம்மோனியா லையேஸுக்கு உலோகம் தேவையில்லை, காஃபியோயில் கோஏ மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸுக்கு மக்னீசியம் போன்ற ஈரிணைதிற அயனி வேண்டும், லாக்கேஸில் நான்கு செம்பு அணுக்கள். இவ்வளவையும் கேட் நொதியோடு ஒப்பிட்டுச் சொல்லத் தயாராகப் போங்கள்.