எழுதி வாங்கிய காகிதம்

அந்த அக்கா முதல் முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நாலாக மடித்த நான்கு காகிதங்கள். நான்கும் அவர் கணவர் எழுதிக் கொடுத்தவை. "இனிமேல் குடித்துவிட்டு வந்து என் மனைவியை அடிக்கவோ கெட்ட வார்த்தையால் திட்டவோ மாட்டேன், மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம்" என்று, கீழே கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள். முதலாவது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதியது, இரண்டாவது அக்காவின் அண்ணன் வீட்டில், மூன்றாவதும் நான்காவதும் காவல் நிலையத்தில். அவற்றைத் தேதி வாரியாக மேசையில் பரப்பி, ஓரம் சுருண்டதைக் கையால் நீவிவிட்டு, "இதையெல்லாம் வச்சு ஏதாச்சும் செய்ய முடியுமா மேடம்?" என்று கேட்டார்.

வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கு உதவுகிற இந்த வேலைக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே உரக்கடை மாடியில் இரண்டு அறைகள், ஐந்து பேர் வேலை பார்க்கிறோம். வெளியே பலகையில் தையல் பயிற்சி என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை, முன் அறையில் நிஜமாகவே நான்கு மிஷின்கள் ஓடுகின்றன. வீட்டில் யாராவது கேட்டால் தையல் கத்துக்கப் போறேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வரலாம், யாராவது பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாலும் மிஷின் சத்தம்தான் கேட்கும். பேச வேண்டியதைப் பின் அறையில் பேசுவோம். இங்கே எழுதுகிற எல்லாவற்றிலும் ஊர், உறவு, காலம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

எழுதி வாங்குவது என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பெண் புகார் கொடுக்கிறாள், ஆளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் சத்தம் போடுகிறார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கொடுக்கிறார், "சரி, இனிமே ஒழுங்கா இருப்பான், கூட்டிட்டுப் போம்மா" என்று அனுப்பிவைக்கிறார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது உண்மையிலேயே பெரிய விஷயம், ஒரு பெண் தைரியமாகப் படியேறிப் போக ஓர் இடம் கிடைத்தது. அங்கே ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்காக ஜீப் எடுத்து வந்த உதவி ஆய்வாளர்களும் உண்டு, அவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் கவுன்சிலிங் என்ற சொல்லுக்குப் பல இடங்களில் சேர்த்து வைப்பது என்று மட்டுமே பொருள். எழுதிக் கொடுத்த ஆளுக்கு அந்தக் காகிதத்தால் எந்தச் சட்டக் கட்டும் கிடையாது. மீறினால் பெண் மறுபடி முதலிலிருந்து புகார் கொடுக்க வேண்டும், மறுபடி ஒரு காகிதம் எழுதுவார்கள், அவ்வளவுதான். அக்காவின் நான்காவது காகிதத்தில் வாசகம்கூட மாறவில்லை, மூன்றாவதைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நீதிபதி போடுகிற பாதுகாப்பு ஆணையும் ஒரு காகிதம்தான். ஆனால் அதை மீறினால் அந்த மீறலே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், பிணையில் விட முடியாத குற்றம். இந்த வித்தியாசத்தை யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் முதல் காகிதத்திலேயே அக்கா நின்றிருப்பாரோ என்னவோ. நான்கு காகிதங்களுக்கு நடுவில் பதினோரு வருடம் போயிருந்தது.

"இதை வச்சு செய்ய முடியும்க்கா, ஆனா நாம புதுசா ஒண்ணு எழுதணும், இந்தத் தடவை நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன்" என்றேன்.

நான் சொன்னது குடும்ப நிகழ்வு அறிக்கை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் அதை எழுதலாம், பதிவு பெற்ற சேவை அமைப்பு என்ற முறையில் எங்களைப் போன்றவர்களும் எழுதி நீதிபதிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். படிவத்தில் என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் செய்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தது அந்தப் படிவத்தின் தேதிக் கட்டம்தான்.

யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது. "எப்பம்மா அடிச்சாரு?" என்று கேட்டால் "எப்பவும்தான்" என்பார்கள். அதைப் படிவத்தில் எழுத முடியாது. ஆகவே சுற்றி வர வேண்டும். ஆடிப் பெருக்குக்கு முன்னாலயா பின்னாலயா, மாசமா இருந்தீங்களா அப்ப, சின்னவனுக்குத் தடுப்பூசி போட்ட அன்னைக்கா, அழகர் ஆற்றில் இறங்கின வருஷமா, இல்லை, கொரோனாவில் இறங்காமல் இருந்த வருஷமா. அப்படிக் கேட்டால் ஒவ்வொன்றாக வரும். "பொங்கலுக்கு மறுநாள், எங்க அண்ணன் சீர் கொண்டு வந்துட்டுப் போனாரு, அவரு பஸ் ஏறின உடனே" என்று அக்கா சொன்னார், நான் காலண்டரைப் பார்த்து ஜனவரி 16 என்று எழுதினேன். தடுப்பூசி அட்டையும் பள்ளிக்கூட ரேங்க் கார்டும் எங்களுக்கு அவ்வளவு உதவும். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை, அக்காவுக்கு நான்கு முறை உட்கார்ந்தோம். மூன்றாவது நாள்தான் அடி தவிர மற்றதும் வந்தது: சம்பளப் பணத்தைக் கையில் தராதது, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற ஏ.டி.எம். கார்டை மாமியார் வைத்துக்கொண்டது, விருப்பமில்லாத ராத்திரிகள். கடைசியில் சொன்னதை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். சட்டத்தில் இவை எல்லாமே வன்முறைதான், உடல், பாலியல், சொல்லாலும் மனதாலும், பணத்தால் என்று வகை பிரித்தே எழுதியிருக்கிறது. "பணம் தராததுகூடவா?" என்று அவர் கேட்டபோது முகத்தில் ஓர் ஆச்சரியம் இருந்தது, அதை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் காகிதம் என்று ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் அடிபட்டுப் போனால் ஏ.ஆர். போடுவார்கள், விபத்துப் பதிவேடு. அதில் பெண் என்ன சொல்கிறாளோ அதுதான் பதியும். பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்கும்போது எந்தப் பெண் என்ன சொல்வாள்? குளியலறையில் வழுக்கி விழுந்தேன், கதவு இடித்தது. அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தபோது போட்ட ஏ.ஆர். நகலில் மாடிப்படியில் விழுந்ததாக இருந்தது, அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த நகலை நீட்டி "நீங்களே சொன்னதுதானே" என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல முன்கூட்டியே தயாராக வேண்டும். இதனால்தான் எங்கள் ஊர் மருத்துவமனைச் செவிலியர்களுடன் பேசி வைத்திருக்கிறோம், கட்டுப் போடும் சாக்கில் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு முறை தனியாகக் கேளுங்கள், அது போதும் என்று. சிலர் கேட்கிறார்கள். ஒரு செவிலியர் எங்கள் நம்பரை மாத்திரைக் கவரின் உள்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்தக் கவரோடு ஒரு பெண் எங்கள் படியேறி வந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

ஆனால் ஒரு நம்பர் தவறான கையில் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு பெண் மிஸ்டு கால் கொடுத்தாள், நான் அக்கறையில் திருப்பிக் கூப்பிட்டேன், எடுத்தது கணவர். நான் யார் என்று கேட்டார், உளறினேன். அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று மூன்று வாரம் கழித்து அவளே வந்து சொன்னாள், என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. கோபித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு நாங்களாக யாருக்கும் திருப்பிக் கூப்பிடுவதில்லை, முதலிலேயே பேசிவைத்த நேரம், பேசிவைத்த நம்பர் மட்டும்தான். "மாவு அரைக்கக் குடுக்கணும்" என்று சொன்னால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பொருள், "மாவு புளிச்சுப் போச்சு" என்றால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் வீட்டில் சந்தேகம் வராத ஒரு பேச்சை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் கொடுப்போம், அது ராத்திரியிலும் எடுப்பார்கள், நாங்கள் தூங்கிவிடுவோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தபோது எங்களுக்கு அதன் அர்த்தம் சட்டென்று புரியவில்லை. ஆறேழு மாதத்தில் புரிந்தது. அதற்கு முன் எங்களிடம் வர ஒரு பெண் யாரிடமாவது பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், ஏன் என்று பதில் சொல்ல வேண்டும், பலரின் முதல் வருகையே அந்த இருபது முப்பது ரூபாயில் நின்றுபோயிருக்கும். இப்போது வந்து போவதற்கு வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த அறிக்கையிலும் இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, அக்காவுக்கு வருகிறேன். அறிக்கை முடிந்தது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்தார், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். அக்காவுக்கு இருந்த பெரிய பயம் வீடு. "வீடு மாமியா பேர்ல இருக்கு மேடம், என்னை வெளிய போன்னு சொன்னா போகத்தானே வேணும்?" இதை எத்தனை பெண்கள் நம்புகிறார்கள் தெரியுமா. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தது, கணவர் பெயரில் இல்லாத வீட்டில் உரிமை கோர முடியாது என்று. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைச் சரியில்லை என்று மாற்றியது, மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் வாழ்ந்த வீடு பகிர்ந்து வாழும் இல்லமாக, அதாவது அவளுக்கு வசிக்கும் உரிமை உள்ள வீடாக, இருக்க முடியும் என்று தீர்ப்பு வந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லி முடித்ததும் அவர் தண்ணீர் கேட்டார், சொம்பு முழுவதையும் குடித்தார்.

மனு போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா, கணவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு, தீபாவளி வேறு வந்தது, கணவர் வந்து அழுதிருக்கிறார்.

எங்களுக்கு நிதி கொடுத்த ஓர் அமைப்பின் படிவத்தில் கடைசிக் கட்டம் முடிவு. சேர்த்து வைக்கப்பட்டது, பிரிந்தது, நிலுவை, இந்த மூன்றில் ஒன்றுதான் எழுத முடியும். சேர்த்து வைத்த எண்ணிக்கை கூடினால் பாராட்டுவார்கள். அக்காவின் பெயருக்கு நேரே நான் சேர்த்து வைக்கப்பட்டது என்று எழுத வேண்டியிருந்தது, எழுதவும் செய்தேன், அந்த மாதம் முழுக்க அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் அவரைச் சேர்த்து வைக்கவில்லை. அவர் போனார், அவருக்குக் காரணங்கள் இருந்தன, அவற்றில் பலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க வைக்கலாம், அது ஐந்து நாள். ஆறாவது நாள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்பதை நான் அப்போது நிறுத்தினேன். கேட்டால் அடுத்த முறை நம்மிடமும் வர வெட்கப்படுவார்கள், வேறு ஒன்றும் நடக்காது.

போகும்போது அந்தப் பிளாஸ்டிக் கவரை மட்டும் எங்களிடமே விட்டுப் போனார். நான்கு காகிதங்களோடு நாங்கள் எழுதிய அறிக்கையின் நகல், ஏ.ஆர். நகல், ஆதார், ரேஷன் அட்டை ஜெராக்ஸ், சீர் சாமான் பட்டியல். பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது, மாவு புளித்துப் போனது. சக ஊழியரும் நானும் ஆட்டோவில் போனோம். இந்த முறை மனு போட ஒரு வாரம்கூட ஆகவில்லை, தேதிகள் எல்லாம் ஏற்கனவே கவரில் இருந்தன. வக்கீல் அந்த நான்கு காகிதங்களையும் சேர்த்தே தாக்கல் செய்தார், இத்தனை முறை அடித்திருக்கிறார் என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே அது. சட்டத்தில் அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது, எங்களுக்கு வாய்தா வாய்தாவாக ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் இடைக்கால ஆணை முதலிலேயே கிடைத்துவிட்டது. கணவர் தன் தம்பி வீட்டுக்குப் போனார், அக்கா அதே வீட்டில் இருக்கிறார், மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

இறுதி ஆணை வந்த அன்று அதன் நகலை வாங்கிக்கொண்டு நேராக எங்களிடம்தான் வந்தார். கவரை எடுத்துக் கொடுத்தேன். ஆணையின் ஒரு ஜெராக்ஸை அதற்குள் வைத்துத் திரும்ப என்னிடமே நீட்டினார். "கவரு இங்கயே இருக்கட்டும்மா" என்றார். மேல் தட்டில் அதற்கு இடம் இருக்கவில்லை, நகர்த்தி நகர்த்தித்தான் வைத்தேன். போன மாதம் பழைய சாமான் கடையில் இரண்டாவது பீரோ ஒன்று வாங்கினோம்.