480 நாள் கணக்கு

2021 ஜூனில் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சி.என்.சி. மெஷினில் வேலை. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீல நிற டேக், எங்களுக்கு மஞ்சள். அட்டையில் பெயருக்குக் கீழே 'டிரெய்னி' என்று இருக்கும். பதினோரு மாதம் முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் புது நியமன ஆர்டர், மறுபடியும் பயிற்சிக் காலம். சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே மெஷினைத் தனியாக ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் வருடம் புதுப் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பக்கத்துக் கம்பெனியில் சங்கத்தில் இருக்கும் ஒரு அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். தமிழ்நாட்டில் தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்க 1981லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நடுவில் விடும் பத்து நாளால் எல்லாம் போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அது தெரிந்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஒன்பது பேர் சேர்ந்தோம். முதலில் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் வீணானது. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத்தான் போக வேண்டும் என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். போகிறவர்கள் இதை முதலிலேயே கவனியுங்கள். நிர்வாகம் படிவம் 1 என்று ஒரு தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் பெயர் இல்லையென்றால் அந்த இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். அவர் விசாரித்து, நிரந்தர ஆணை கொடுக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடலாம். 2023 ஆகஸ்டில் மனு கொடுத்தோம்.

நாள் கணக்கைக் காட்டுவதுதான் பெரிய வேலை. வருகைப் பதிவேடு கம்பெனி கையில் இருந்தது. எங்களைக் காப்பாற்றியது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் இணையதளம். மாதாமாதம் எத்தனை நாளுக்குச் சம்பளம் என்று அதில் இருக்கும். அதையும் பி.எஃப். பாஸ்புக்கையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, நோட்டில் கோடு போட்டு எழுதினேன். எனக்கு 578 நாள் வந்தது. அம்மாவிடம் மூன்று தடவை கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

விசாரணையில் நிர்வாகத் தரப்பு, "இவங்க கத்துக்க வந்தவங்க, தொழிலாளியே இல்லை" என்றது. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க? பாடத்திட்டம், பரீட்சை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். ஷிஃப்ட் உற்பத்திச் சீட்டின் நகல்களை எடுத்து வைத்தேன். டோக்கன் எண், மெஷின் எண், 'இலக்கு 220, முடித்தது 226', கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அதற்குப் பிறகு பயிற்சி பற்றி அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

2024 அக்டோபரில் உத்தரவு வந்தது, ஏழு பேருக்கு மட்டும். மற்ற இருவரையும் கம்பெனி தொழிற்பழகுநர், அதாவது அப்ரெண்டிஸ், சட்டப்படி ஒப்பந்தம் போட்டு அரசுத் தளத்தில் பதிவு செய்திருந்தது. 1961ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பழகுநரைத் தொழிலாளி இல்லை என்றே சொல்கிறது. அவர்களும் எங்கள் வரிசையில் நின்று அதே இலக்கை முடித்தவர்கள்தான். இதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. சேரும்போது கையில் தரும் தாளில் 'டிரெய்னி' என்று இருக்கிறதா, 'அப்ரெண்டிஸ்' என்று இருக்கிறதா என்று தயவுசெய்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் யாரும் படிக்கவில்லை.

நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வழக்கு நடக்கிறது. ஈ.எஸ்.ஐ. பக்கத்தை இப்போதும் மாதாமாதம் பிரிண்ட் எடுத்து அதே ஃபைலில் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.