கஞ்சாவும் வாங்கலாம், கன்னும் வாங்கலாம், ரெண்டையும் சேர்த்து வாங்கக் கூடாது

இங்க மிச்சிகன் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல அப்பப்ப யாராவது கேக்குறாங்க, வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், தூக்கம் வரலன்னா எப்பவாவது ஒரு கஞ்சா கம்மி (gummy, கஞ்சா கலந்த மிட்டாய்) போடுவேன், அதான் லீகல் ஆச்சே, பிரச்சனை இல்லல்லன்னு. உடனே நாலு பேரு "ஒண்ணும் இல்ல ப்ரோ"ன்னு கட்டை விரலை தூக்கிடுவாங்க. பிரச்சனை இருக்கு ப்ரோ, நல்லாவே இருக்கு.

லீகல்ங்கிறது மாநிலத்து கணக்கு. மெடிக்கல் கஞ்சாவுக்கு 2008ல, சும்மா அடிக்கிறதுக்கு 2018லன்னு மிச்சிகன் ஜனங்க ஓட்டு போட்டு கொண்டுவந்தாங்க, இப்ப ஐ-94 ஹைவேல போனா வழி பூரா கஞ்சா கடை போர்டுதான். ஆனா துப்பாக்கின்னு வந்துட்டா ஃபெடரல் சட்டம், அதாவது நாடு பூராவுக்குமான சட்டம், உள்ள வந்துடும். 1968 கன் கன்ட்ரோல் ஆக்ட் படி போதைப்பொருளை சட்டவிரோதமா எடுத்துக்கிறவங்க துப்பாக்கி வாங்குறது மட்டுமில்ல, வச்சிருக்கவே கூடாது. ஃபெடரல் கணக்குல கம்மியும் அதுலதான் வருது.

கடையில 4473ன்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. அதுல கஞ்சா உட்பட போதைப்பொருள் எடுக்குறீங்களான்னு ஒரு கேள்வி, அதோட உங்க மாநிலத்துல லீகல்னாலும் ஃபெடரல்ல தப்புதான்னு ஒரு எச்சரிக்கை, அது 2016ல சேர்த்தது. ஆமான்னு போட்டா வியாபாரம் அங்கேயே முடிஞ்சுது. இல்லன்னு பொய் சொன்னா அதுவே தனி ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். முன்னாள் அதிபர் ஜோ பைடன் மகன் ஹன்டர் பைடன் மேல 2024 ஜூன்ல குற்றம் நிரூபணம் ஆச்சே, அதுலயும் இந்த கேள்விதான், என்ன, அவர் கேஸ் கஞ்சா இல்ல, கிராக் கொகெயின். அவருக்கு அப்பா மன்னிப்பு எழுதி குடுத்துட்டாரு, நமக்கு அந்த மாதிரி அப்பா எங்க கிடைக்க.

அடுத்தது பேக்ரவுண்ட் செக். எஃப்பிஐ 1998ல இருந்து நடத்துற நிக்ஸ் சிஸ்டம்ல உங்க பேரை போட்டு பாப்பாங்க, ப்ரொசீட் (விக்கலாம்), டிலே (பொறு), டினை (விக்காதே)ன்னு பதில் வரும். பழைய கேஸ், தண்டனை எல்லாம் அதுல மாட்டும், ஆனா நீங்க போன வாரம் கடையில கம்மி வாங்கினது அதுல இருக்காது. மெடிக்கல் கஞ்சாவுக்கு கார்டு வச்சிருக்கவங்க லிஸ்ட்டையும் மிச்சிகன் சட்டம் ரகசியமா வச்சிருக்கு. ஆக உண்மைய சொல்றவன் மட்டும்தான் மாட்டுவான். எனக்கு எரிச்சலே இதுலதான். எங்க ஆபீஸ்ல ஒரு பெருசு, நவம்பர் 15 மான் சீசன் ஆரம்பிச்சா லீவு போட்டுட்டு காட்டுக்கு போயிடுவாரு, முட்டி வலிக்கு மெடிக்கல் கார்டு எடுக்கலாம்னு பாத்து, ரைஃபிளை விட மனசில்லாம வேணாம்னுட்டாரு. இப்ப ராத்திரி போர்பன் விஸ்கி ஓடுது. குடியை பத்தி 4473ல ஒரு கேள்வி கூட கிடையாது.

நெவாடால ரோவன் வில்சன்னு ஒரு அம்மா 2011ல அந்த கேள்விய காலியா விட்டாங்க, கடைக்காரருக்கு அவங்ககிட்ட மெடிக்கல் கார்டு இருக்குன்னு தெரியும், அதனால துப்பாக்கி தர மாட்டேன்னுட்டாரு. கார்டு இருக்கறவங்களுக்கு விக்காதீங்கன்னு ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி வியாபாரத்தை கவனிக்கிற ஃபெடரல் அமைப்பு, அப்பதான் கடைகளுக்கு லெட்டர் அனுப்பியிருந்துச்சு. 2016ல ஒன்பதாவது சர்க்யூட்ங்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட்டும் அது சரிதான்னுடுச்சு.

பர்மிட் கதை இன்னும் சிக்கல். மிச்சிகன்ல சிபிஎல், அதாவது துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டு போற லைசென்ஸ், இருந்தா முன்னாடி கடையில நிக்ஸ் செக் தேவையில்ல. கஞ்சா எடுக்குறவங்களுக்கும் அந்த லைசென்ஸ் போகுதுன்னு சொல்லி 2020 மார்ச்ல ஏடிஎஃப் அந்த சலுகைய நிறுத்திடுச்சு, கஞ்சா பக்கமே போகாத சிபிஎல்காரங்களும் சேர்ந்து செக்குக்கு நிக்கிறாங்க. இலினாய்ல 2020ல கஞ்சா லீகல் ஆனப்ப, அதுக்காக மட்டும் ஃபாய்டு கார்டை, அதாவது அங்க துப்பாக்கி வச்சிருக்க தேவையான கார்டை, பிடுங்க மாட்டோம்னு ஸ்டேட் போலீஸ் சொன்னாங்க, ஆனா கடைக்கு போனா அதே 4473தான்.

கோர்ட்டுல இது மாறிட்டு வருது. 2023ல ஐந்தாவது சர்க்யூட் டேனியல்ஸ் கேஸ்ல கஞ்சா பிடிக்கிறவருக்கு சாதகமா தீர்ப்பு சொல்லிச்சு, 2025 அக்டோபர்ல இதே மாதிரி ஹெமானி கேஸை சுப்ரீம் கோர்ட்டே விசாரிக்க எடுத்துச்சு. அதை நம்பி நம்ம கிரீன் கார்டு ஆளுங்க யாரும் இறங்க வேணாம். மாநிலத்துல லீகலா இருந்தாலும் கஞ்சா எடுத்தது சிட்டிசன்ஷிப்புக்கு ஆப்பு வைக்கலாம்னு குடியேற்றத்தை கவனிக்கிற யுஎஸ்சிஐஎஸ் 2019லயே சொல்லியாச்சு, அதோட துப்பாக்கியும் சேர்ந்தா வக்கீல் ஃபீஸுக்கே வீட்டை விக்கணும். எச்1பி மக்களே, உங்களுக்கு இந்த குழப்பமே வேணாம், வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு ஏதும் இல்லன்னா உங்களுக்கு கன்னே தர மாட்டாங்க.