வாளியில் நெல், மூன்று இரகம், மூன்று யூரியா அளவு: நட்டு 55ஆம் நாள் வரை

இடம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறை, தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்கட்டு. போட்டியில் இருப்பவை மலேசியக் குட்டை இரகங்களான எம்ஆர் 219, மார்டி சிராஜ் 297, அவற்றோடு பழைய மசூரி. யூரியாவாகக் கொடுத்த தழைச்சத்தை (நைட்ரஜனை) எது வீணாக்காமல் நெல்லாக்குகிறது என்பதுதான் கேள்வி.

மசூரியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானிக்கா நெல்வகையான தைச்சுங் 65, இண்டிகா நெல்வகையான மாயாங் எபோஸ் இரண்டையும் கலந்து மலாயாவில் உருவாகி 1965இல் வெளிவந்த இரகம் அது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததே தமிழ்நாட்டின் வெள்ளைப் பொன்னி. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் பொன்னிக்குத் தாய்வீடு இந்தப் பக்கம்தான். (கடை அரிசியைப் போட்டால் முளைக்காது, உமி நீங்காத விதைநெல் வேண்டும்.)

மண்ணும் வாளியும்

20 லிட்டர் வாளி, வாயின் உள்விட்டம் 30 செ.மீ., அடியில் ஓட்டை கூடாது. 3 இரகம், 3 யூரியா அளவு (ஹெக்டேருக்கு 0, 60, 120 கிலோ தழைச்சத்து), ஒவ்வொரு சேர்க்கைக்கும் 4 வாளி, ஆக 36. இரகத்துக்கு ஒரு உதிரி வாளி சேர்த்து 39. வயல் மண்ணை நிழலில் உலர்த்தி, சலித்து, ஒரே குவியலாகப் புரட்டி, வாளிக்கு 12 கிலோ. நர்சரியில் விற்கும் கலவை மண் இங்கே ஆகாது. அதில் கம்போஸ்ட் இருக்கும். யூரியா இல்லாத வாளி என்று பெயர் எழுதியும் பயன் இருக்காது.

மணிச்சத்துக்கு டிஎஸ்பி (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) 0.92 கிராம், சாம்பல்சத்துக்கு எம்ஓபி (மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்) 0.71 கிராம், எல்லா வாளிக்கும் ஒரே அளவு. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) வேண்டாம், அதில் 18 சதம் தழைச்சத்து ஒளிந்திருக்கிறது.

யூரியாக் கணக்கு

வாளி வாயின் பரப்பு 0.0707 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றால் வாளிக்கு 0.85 கிராம். யூரியாவில் 46 சதம் என்பதால் 1.84 கிராம் யூரியா. 60 கிலோ அளவுக்கு 0.92 கிராம். இதை மூன்றாகப் பிரித்துச் சமையல் தராசில் நிறுப்பது நடக்காத காரியம். 18.4 கிராம் யூரியாவை 1 லிட்டர் நீரில் கரைத்துக்கொண்டால் 100 மி.லி.க்குள் 1.84 கிராம் வந்துவிடும். 120 அளவுக்கு 40, 30, 30 மி.லி.; 60 அளவுக்கு 20, 15, 15. பார்மசியில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சின் முனையில் மீன்தொட்டிக் குழாயைச் செருகி, சேற்றுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இறக்கினால் போதும். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். வைத்திருந்தால் அமோனியா வாடை அடிக்கும், சத்து குறையும்.

நீரின் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? யூரியா அமோனியமாக மாறும். பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறும். ஏறியதும் அமோனியம் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். நண்பகலில் ஊற்றுவது யூரியாவை வெயிலுக்குப் படைப்பது மாதிரி.

நடவிலிருந்து

15 நாள் நாற்று, வாளிக்கு 2 குத்து, குத்துக்கு 2 நாற்று. நீர் 3 முதல் 5 செ.மீ. வரை. முதல் பங்கு நடவன்று, இரண்டாவது 18ஆம் நாள்.

கொசுவை மறந்தால் தொல்லை. 39 வாளித் தண்ணீர் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அரண்மனை. அதிகாரிகள் வந்து புழுவைப் பார்த்தால் அபராதம். கப்பி மீன் விடலாம் என்றால் அதற்குத் தீனி போட வேண்டும். தீனியிலும் கழிவிலும் தழைச்சத்து வாளிக்குள் வந்துவிடும். அதனால் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல், 10 லிட்டர் நீருக்கு 1 கிராம். அதிலுள்ள டெமிபாஸ் மூலக்கூறில் நைட்ரஜன் அணுவே கிடையாது, சோதனைக்குக் கெடுதல் இல்லை. பாசியையும் அசோலா என்ற மிதக்கும் பெரணியையும் வாரம் இருமுறை எடுக்க வேண்டும். நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும். யூரியா இல்லாத வெற்று வாளிக்கு அது இலவச உரம்.

26ஆம் நாள் இரவு மழையில் கூரை ஷீட் விலகி, ஓரத்து வரிசையில் சில வாளிகள் வழிந்தன. வழிந்த நீரோடு கரைந்த சத்தும் போயிருக்கும், அதுவும் 120 அளவு கொடுத்த வாளியில் அதிகமாக. அந்த வரிசையின் 9 வாளியும் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. வழிந்ததை மட்டும் நீக்கி மற்றதை வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை.

மூன்றாம் பங்கு எப்போது

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். நாட்காட்டி பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுத்தால் மசூரிக்கு அநியாயம், அது பிந்தி விளையும் இரகம். உதிரி வாளியில் ஒரு தண்டை அடியோடு பறித்து, பிளேடால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். மேல் கணுவுக்குச் சற்று மேலே, இலைச் சுருளுக்குள், பஞ்சு முனைபோல வெள்ளையாக 1, 2 மி.மீ. தெரிந்தால் கதிர் கருக்கட்டிவிட்டது, மூன்றாம் பங்கு அப்போதுதான். எம்ஆர் 219இல் 32ஆம் நாள் தெரிந்தது, சிராஜில் 35. மசூரியில் அப்போது வெறும் பச்சைச் சுருள்தான். 54ஆம் நாள்தான் முனை தெரிந்தது.

இலையின் பச்சையை ஒப்பிட்டு எண் சொல்லும் இலைவண்ண அட்டையை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10க்குள், முதுகை வெயிலுக்குக் காட்டி, உடல் நிழலில், முழுதும் விரிந்த இளம் இலையில் வைத்துப் பார்க்கிறது. வாளிக்கு 5 இலை, எப்போதும் ஒரே ஆள். நட்ட பயிருக்கு 4க்குக் கீழே போனால் மேலுரம் என்பது பொது வழக்கம். இங்கே பதிவு மட்டும்தான். அட்டையைப் பார்த்து உரம் போட்டால் 0, 60, 120 என்ற வேறுபாடு கலைந்துவிடும்.

55ஆம் நாள் நிலை: எம்ஆர் 219 பூட்டையில் (கதிர் இலையுறைக்குள் பொதிந்த நிலை), இலை நிமிர்ந்து நிற்கிறது. 120 அளவு கொடுத்த மசூரி ஆள் உயரம் தேடி, இலை தொங்கி, காற்றில் ஆடுகிறது. இன்று மூங்கில் குச்சி கட்டியாயிற்று. குட்டை இரகங்களுக்கு இந்தக் கவலை இல்லை. வெற்று வாளிகளில் மூன்றுமே அடியிலை நுனியிலிருந்து மஞ்சள், நடுநரம்பு வழியாக இறங்குகிறது.

கரும்பச்சையைப் பார்த்து இது நல்ல இரகம் என்று முடிவுகட்டக் கூடாது. அறுத்த பிறகு நெல்லை 14 சத ஈரத்துக்குத் திருத்தி நிறுக்கும்போதும் இரு வழி உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' இரகம் வெற்று வாளியில் 22 கிராம், 60 அளவில் 31. 'ஆ' இரகம் வெற்றில் 27, 60இல் 34. கொடுத்தது 0.424 கிராம் தழைச்சத்து. மொத்த நெல்லை அதால் வகுத்தால் அ 73, ஆ 80, ஆ ஜெயித்தது. வெற்று வாளியைக் கழித்து வகுத்தால் அ 21, ஆ 16.5, அ ஜெயித்தது. ஆ மண்ணிலிருந்து எடுப்பதில் கெட்டி, உரத்துக்கு அசைவது குறைவு. வெற்று வாளி இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால்தான் தொடக்கத்தில் 12 வாளி யூரியா இல்லாமல் விடப்பட்டன.

உறிஞ்சியது எவ்வளவு, உறிஞ்சியதை நெல்லாக்கியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் நெல்லையும் வைக்கோலையும் தழைச்சத்தை அளக்கும் ஜெல்டால் முறையில் லேப்பில் பார்க்க வேண்டும். 1 டன் நெல்லுக்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுக்கும் என்பது அளவுகோல். ஒவ்வொரு வாளிக்கும் பார்க்கக் காசு கட்டாது. இரகம்–அளவு சேர்க்கைக்கு ஒரு கலவை மாதிரி, ஆக 9.

அடுத்த வேலை பறவை வலை. எம்ஆர் 219 பால் பிடிக்கும் முன் கட்டியாக வேண்டும்.