மறக்கப்பட்ட ஒரு படமும் ஒரு பீடச்சிறுவனும்

தமிழகத்துக் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் புதன்கிழமைதோறும் இடைவிடா சகாய மாதாவுக்கு நவநாள் வழிபாடு நடக்கிறது. அங்கே வைக்கப்படும் படத்தின் மூலப்படம் ரோம் நகரில், மெருலானா சாலையிலுள்ள புனித அல்போன்ஸ் கோவிலின் நடுப்பீடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 54 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகையில், பொன்னிறப் பின்னணியில், கிரேக்க நாட்டுக் கிரேத்தா தீவின் ஓவிய மரபைச் சார்ந்து அது வரையப்பட்டுள்ளது.

பலர் இதைத் தாயும் சேயும் கொஞ்சும் படம் என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் இது இயேசுவின் சிலுவைப் பாடுகளின் படம். இடப்புறத்தில் மிக்கேல் அதிதூதர் ஈட்டியையும் கடற்பஞ்சையும் காடிப் பாத்திரத்தையும் ஏந்தியிருக்க, வலப்புறத்தில் கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் தாங்கி நிற்கிறார். அவற்றைக் கண்டு அஞ்சிய குழந்தை, ஒரு காலின் மிதியடி கழன்று தொங்க, தாயின் வலக்கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. மாதாவோ மகனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார்.

படம் ரோமுக்கு வந்த விதத்தைச் சொல்லும் பழைய கதையின்படி, வணிகர் ஒருவர் கிரேத்தாவிலிருந்து அதைத் திருடிக் கப்பலேறினார். நடுக்கடலில் புயலுக்குத் தப்பி ரோமை அடைந்து, நோயுற்று, இறக்கும் தறுவாயில் படத்தை ஏதேனும் ஒரு கோவிலில் சேர்த்துவிடும்படி நண்பரிடம் வேண்டிக்கொண்டார். நண்பரின் மனைவி அதைப் பிரிய மனமின்றித் தம் படுக்கையறையிலேயே மாட்டிவைத்தார். மாதா தோன்றிப் பலமுறை எச்சரித்தும் கேளாத அந்த நண்பர் இறந்துபோக, பின்னர் அவருடைய சிறு மகளுக்குக் காட்சி தந்த மாதா, புனித மரியா பேராலயத்துக்கும் லாத்தரன் பேராலயத்துக்கும் இடைப்பட்ட கோவிலில் படத்தை வைக்கும்படி கேட்டார். அவ்வாறே 1499 மார்ச் 27 அன்று அது அகுஸ்தீன் துறவு சபையினரின் புனித மத்தேயு கோவிலுக்குப் பவனியாகக் கொண்டுசெல்லப்பட்டது. சொன்னதைக் கேளாதவரை மாதா சாகவிட்டார் என்னும் பகுதி எனக்கு உவப்பானதன்று. படத்துக்கு அச்சத்தால் மதிப்புத் தேடியவர்கள் சேர்த்ததாகவே அதைக் கருதுகிறேன்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அங்கே வணங்கப்பட்ட படம், பிரெஞ்சுப் படை 1798இல் ரோமைக் கைப்பற்றியபின் கோவில் இடிக்கப்பட்டதால் இடம்பெயர்ந்தது. இறுதியில் போஸ்தெருலா என்னுமிடத்தில் அகுஸ்தீன் சபையினரின் சிற்றாலயமொன்றில், வணங்குவார் இன்றிக் கிடந்தது. மத்தேயு கோவிலின் பழைய நாட்களை அறிந்த சகோதரர் அகோஸ்தினோ ஒர்செத்தி அங்கே முதுமையில், பார்வை மங்கிய நிலையில் வாழ்ந்தார். பூசைக்கு உதவ வந்த மிக்கேலே மார்க்கி என்னும் சிறுவனிடம், இதுதான் அந்தக் கோவிலின் அற்புதப் படம், மறந்துவிடாதே என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

கேட்கும் ஒரு செவிக்குத் தாம் அறிந்ததை ஒப்படைத்த அந்த முதியவரின் விடாப்பிடியே, கதையிலுள்ள புயலையும் காட்சிகளையும்விட எனக்குப் பெரும் அற்புதமாகத் தோன்றுகிறது. அச்சிறுவன் வளர்ந்து ரெடம்ப்டரிஸ்ட் என்னும் துறவு சபையில் சேர்ந்தார். அச்சபை 1855இல் மெருலானா சாலையில் வாங்கியிருந்த நிலத்தில்தான் இடிந்த மத்தேயு கோவில் முன்பு நின்றது! அந்த உண்மை பழைய நூல்களிலிருந்து தெரியவந்தபோது, படம் இருக்குமிடம் தமக்குத் தெரியும் என்றார் மார்க்கி. 1863இல் இயேசு சபைக் குரு பிரான்செஸ்கோ புளோசி, காணாமற்போன அப்படத்தைப் பற்றி மறையுரை ஆற்றியதும் தேடல் வலுப்பெற்றது.

ரெடம்ப்டரிஸ்ட் சபைத் தலைவர் நிக்கோலாஸ் மௌரோன் விண்ணப்பிக்க, திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1865 டிசம்பர் 11 அன்று இசைவளித்தார். படத்துக்கு ஈடாக அகுஸ்தீன் சபையினருக்கு அதன் நகலையோ வேறொரு மாதா படத்தையோ கொடுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. போலந்து ஓவியர் ஒருவர் பழுதுகளைச் சீராக்கியபின், 1866 ஏப்ரல் 26 அன்று படம் பவனியாக, மெருலானா சாலை நிலத்தில் எழுந்திருந்த புனித அல்போன்ஸ் கோவிலுக்கு வந்தது. மறு ஆண்டு ஜூன் 23 அன்று அதற்கு முடிசூட்டப்பட்டது.