ஆடி பிறக்கும் முன்

ஜூலை 8, செவ்வாய்
மறுபடியும். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த புஷ்பா கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜூலை 9
ஆலைக்கு லாரி ஓடாத நாள் உண்டா?

ஜூலை 12, சனி
இன்று வெகுநேரம். "இது என் கை இல்லை" என்று விரல்களையே பார்க்கிறாள். என் குரல் பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேட்கிறதாம். அத்தை தோளைப் பிடித்து உலுக்கினார். அவரைத் தேநீர் போட அனுப்பிவிட்டேன். "புஷ்பா, இன்று சனிக்கிழமை. சுங்கை சிப்புட்டில் உன் வீட்டு வாசலில் இருக்கிறோம். நான் தேவி." இதையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். உள்ளங்கையில் ஐஸ் கட்டி, மூக்கருகே கோடாலித் தைலம். கண்ணில் படுவதைச் சொல் என்றேன். வாளி. செருப்பு. உன் மூக்குத்தி. நெடிய மௌனம். பிறகு, "இந்தக் கிளிப்பை யாரடி உடைத்தது?" வந்துவிட்டாள்!

ஜூலை 15
கிளினிக். தூக்கம், தலையில் அடி, வலிப்பு எல்லாம் கேட்டார் டாக்டர். வலிப்பு இல்லையென்று உறுதிசெய்ய மூளை அலைப் பரிசோதனை, பிறகு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். தாங்க முடியாததிலிருந்து மனம் விலகி நிற்கிறது, நடிப்பு இல்லை என்றார். இவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: "தஞ்சோங் ரம்புத்தானா?" 1911இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி. இன்றும் பேராக் மாநிலத்தில் ஒருவரைத் திட்ட அந்த ஊர்ப் பெயர் போதும். கடிதம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். நம்பவில்லை. கடிதத்தைக் காட்டியபிறகும் நம்பவில்லை.

ஜூலை 16
லாரிக்காரரிடம் பேசினேன். வளைவில் ஹாரன் அடிக்காமல் முடியாதாம். அதுவும் நியாயம்தான்.

ஜூலை 18, ஆடி வெள்ளி
"அம்மன் இறங்கியிருக்கிறாள், குறி கேட்கலாம்" என்கிறார் அத்தை. நானும் கும்பிடுகிறவள்தான். உடுக்கைச் சத்தத்தில் வேண்டி அழைத்து வருவது வேறு. துணி காயப்போடுகிறவளைக் கேட்காமல் இழுத்துப்போவது வேறு. வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 20
தூங்கினாள்.

ஜூலை 21, திங்கள்
காலையில் அவளே வந்து, "பசியாறிவிட்டாயா?" என்றாள். லாரி போனது. கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நாளை ஈப்போ. பஸ் ஏழு மணிக்கு என்கிறார் ஒருவர், ஏழரை என்கிறார் இன்னொருவர். கடிதம் என் பையில். அவள் அடையாள அட்டையைத்தான் காணவில்லை, அலமாரியில் இல்லை, அத்தையிடம் கேட்டால்